"ஸ்டார்ட் ஆகுமா?" என்று மட்டும் கேட்காதீர்கள்

பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்து வீட்டு முன்னால் இறக்கினால் தெருவில் போகிற எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பால்காரரும் கேட்டார், பக்கத்து வீட்டு வக்கீலும் கேட்டார்: "ஸ்டார்ட் ஆகுமா?" எஞ்சின் கடைசி வேலை என்று சொன்னால் யாருக்கும் திருப்தி இல்லை. முதன்முறையாகப் பழைய வண்டியைச் சீரமைக்க இறங்குகிறவர் கேட்க வேண்டியது வேறு: காகிதம் சரியாக இருக்கிறதா, இரும்பு மிச்சம் இருக்கிறதா?

வண்டி, 1960களில் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் தயாரித்த ஹெரால்டு, இரண்டு கதவு. இதை ஸ்போர்ட்ஸ் கார் என்றுதான் நான் சொல்லிக்கொள்வது. இதைப் போயா என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ஃப் நிறுவனத்து வடிவம். இதே சேஸிஸை, அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டத்தை, குட்டையாக்கித்தான் டிரையம்ஃப் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் மிகெலோட்டி என்ற இத்தாலியர். பங்காளி உறவு போதும் எனக்கு.

திசையன்விளைப் பக்கம் ஒரு தோட்டத்து ஓலைச் சாய்ப்பில் பல வருடங்களாக நின்ற வண்டி அது. உரிமையாளர் காலமாகிவிட்டார், ஆர்.சி. புத்தகம் அவர் பெயரிலேயே கிடந்தது. "எடுத்துக்கொண்டு போங்கள் தம்பி, கையெழுத்தெல்லாம் அப்புறம் பார்ப்போம்" என்றார் அந்த வீட்டு ஆச்சி. நல்ல மனம்தான், ஆனால் அப்படி எடுத்து வரக் கூடாது. முதலில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, படிவம் 31இல் ஆச்சியின் பெயருக்கு மாற்ற வேண்டும். பிறகுதான் விற்பனைக்கான 29, 30. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருந்ததால் இழுத்தது. அதற்குள் நான் செய்த உருப்படியான காரியம், சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துத் தடம் எடுத்தது. ஆர்.சி.யில் உள்ள எண்ணும் தாளில் எழும்பிய எண்ணும் ஒத்துப்போனதைப் பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுத்தேன்.

ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிவதென்றால் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும்தான் வெளியே எடுக்கலாம். எனக்கோ பாபநாசம் வரை ஓட்டிக்கொண்டு போய்க் குளித்துவிட்டு வர வேண்டும். ஆகவே வேலை முடிந்ததும் சாதாரணப் புதுப்பித்தல்தான்.

இனி இரும்பு. ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, கீழே படுத்து, ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரால் சேஸிஸை அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு 'ணங்' என்று சொல்லும். கெட்டது 'பொத்' என்று உள்ளே வாங்கிக்கொள்ளும். ஹெரால்டில் நடுத் தண்டுகள் தடிமன். அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் கைகள்தான் முதலில் போகும். இடப்பக்கப் பின்கை கல்லிடைக்குறிச்சி அப்பளமாக நொறுங்கி என் முகத்தில் கொட்டியது. கொட்டியதில் எது துரு, எது தேரி மண் (திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல்) என்று பிரிக்க முடியவில்லை. இரண்டுக்கும் ஒரே சிவப்பு. தேரி மண்ணின் நிறமும் இரும்பு ஆக்சைடால் வருவதுதானே. கைகளுக்குள் அந்த மண் அடைத்துக்கொண்டு, கடற்காற்றின் உப்பையும் ஈரத்தையும் பிடித்து வைத்து, உள்ளிருந்தே தின்றிருக்கிறது. மேலே பெயிண்ட் பளபளப்பாக நின்ற இடங்களிலும் காந்தம் ஒட்டவில்லை. யாரோ எப்போதோ பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள்.

இந்த நிலையில் எல்லோரும் துருவை மாற்றும் பாஸ்பாரிக் அமிலத்தைத் தேடி ஓடுவார்கள். அதற்கு முன்னால் தண்ணீர். உப்பு உள்ளே இருக்கும்வரை எதைப் பூசினாலும் அதன் அடியில் துரு மறுபடி கிளம்பும். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உவர்ப்பு என்பதால் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்து, பொந்து பொந்தாகப் பீய்ச்சி, மண் வருவது நிற்கும்வரை கழுவினோம். ஆடிக் காற்று அடிக்கும் மாதம் என்பதால் காயவைக்கச் செலவில்லை. பிறகு கம்பி பிரஷ், பிறகு அமிலம், பழுதில்லாத பகுதிகளுக்கு மட்டும் ரெட் ஆக்சைடு என்ற துருத் தடுப்புப் பூச்சு.

ஸ்பேனர் விஷயத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. இது இங்கிலாந்து வம்சம்; நட்டு போல்டு இஞ்சுக் கணக்கு. அரை இஞ்சு என்பது 12.7 மில்லிமீட்டர். 13ஆம் எண் ஸ்பேனர் அதில் உட்காருவது போலவே இருக்கும், பலம் கொடுத்தால் நட்டின் முனைகளை வழித்துவிடும். வண்ணார்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி தன் இஞ்சு ஸ்பேனர் செட்டை இரவல் தந்தார், திரும்பி வர வேண்டும் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு.

வெல்டிங்கும் அவர் பொறுப்புதான். ஆர்க் வேண்டாம், மெல்லிய தகடு உருகி ஓட்டை பெரிதாகும், சி.ஓ.2 வெல்டிங்தான் என்று கண்டிப்பாகச் சொன்னார். கதவுகளைக் கழற்றியதும் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாயைப் பற்றவைத்துக்கொள்ளாமல் பாடியைச் சேஸிஸிலிருந்து தூக்கக் கூடாது என்பது அவருடைய இன்னொரு கட்டளை. தூக்கினால் நடுவில் மடங்கி, பிறகு கதவு ஜென்மத்துக்கும் சரியாக மூடாது. ஒரு பக்கத்துக் கைகளை மாற்றி முடித்து அளவு பார்த்த பிறகே மறுபக்கத்தில் கை வைப்பதாக ஏற்பாடு.

கேட்பீர்கள் என்று தெரியும், ஆகவே எஞ்சினையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களுக்குள் கொஞ்சம் டீசலும் எண்ணெயும் ஊற்றி ஊறவிட்டோம். பிறகு நாலாவது கியரில் போட்டு வண்டியை மெதுவாகத் தள்ளினோம், ஃபேன் சுற்றியது. எஞ்சின் இறுகிப்போகவில்லை என்று அர்த்தம். அதோடு நிறுத்திவிட்டோம். பெட்ரோல் டேங்குக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல், பிரேக்கும் இல்லாமல் அதைக் கிளப்பிப் பார்க்க எனக்கு அவசரமில்லை. வக்கீலுக்கு இருக்கிறது. அவரைக் கைகளுக்குத் தகடு வெட்டும் நாளன்று பட்டறைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.