நாகஸ்வரத்தில் ஓட்டை போடாமல் விளக்கு: மூன்றாவது தடவை பலித்தது

நேற்று ராத்திரி கூடத்து விளக்கை அணைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். ஏழு விரல் துளைகளிலும் பொன் நிறத்தில் வெளிச்சம். கண் கூசவில்லை, புள்ளி புள்ளியாகவும் தெரியவில்லை. இரண்டு மாதம் உட்கார்ந்தது இதற்குத்தான். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வாத்தியம் பெரியப்பா வாசித்த பாரி, அதாவது நீளமான நாகஸ்வரம். சீவாளியைத் தாங்கும் உலோகக் குழலான கெண்டை செருகும் இடத்தில் ஆரம்பித்து மூன்றாவது துளை வரை விரிசல். நாகஸ்வரம் செய்கிற ஊரான நரசிங்கம்பேட்டைக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். பார்த்த ஆசாரி விரிசல்மேல் நகத்தை ஓட்டினார். "இது இனிமே பேசாது தம்பி. வீட்ல வச்சுக் கும்புடுங்க" என்றார். அதற்குப் பிறகுதான் விளக்கு யோசனைக்கே வந்தேன். ஊதக்கூடிய வாத்தியத்தில் நான் கைவைப்பதில்லை, யார் கேட்டாலும் வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். நாகஸ்வரத்துக்கான ஆச்சா மரமே பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற உத்தரம், தூண்களிலிருந்து எடுப்பதுதான். ஒரு வீட்டைத் தாங்கி, அப்புறம் ஒரு வித்வானின் மூச்சைத் தாங்கிய மரம். அதில் டிரில் இறக்க எனக்கு மனசு வரவில்லை. இருக்கிற துளைகளே போதும், புதிதாக ஒரு கீறல்கூட விழக்கூடாது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டேன்.

முதல் தடவை, எல்.இ.டி. ஸ்ட்ரிப்பைக் குறுக வெட்டி உள்ளே ஒட்டினேன். மறுநாள் காலை மொத்தமும் அணசு (அடியில் உள்ள புனல் வாய்) வழியாகத் தரையில் கிடந்தது. வருஷக்கணக்காக எண்ணெய் குடித்த மரம், எந்தப் பசையும் பிடிக்காது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் பிடிக்கும் என்றார் ஒரு நண்பர். அந்த எண்ணெய்தான் மரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது, அதைத் துடைப்பதா?

இரண்டாவது தடவை, மெல்லிய செப்புக் கம்பியில் மணி மணியாக எரியும் சீரியல் விளக்கு. 5 வோல்ட், சூடு கிடையாது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். வாங்குகிறவர்கள் மணிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்து வாங்குங்கள். எனக்குக் கிடைத்ததில் 10 செ.மீ., துளைக்குத் துளை அதில் பாதிகூட இல்லை. கம்பியை அப்படியே உள்ளே விட்டால் இரண்டு துளையில் ஊசி குத்துவதுபோல வெளிச்சம், மற்றதெல்லாம் இருட்டு. உள்சுவர் கன்னங்கரேல் என்று இருப்பதால் வெளிச்சத்தை அப்படியே விழுங்கிவிடுகிறது. வெண்ணெய்த் தாளைச் சுருட்டி உள்ளே விட்டுப் பார்த்தேன். ஒரே வாரத்தில் எண்ணெயை உறிஞ்சித் திட்டுத் திட்டாகிவிட்டது.

பலித்தது மூங்கில் பிளாச்சு. கூடை முடைகிறவரிடம் சொல்லி ஈர்க்குச்சி கனத்தில் சீவி வாங்கினேன். பிளாச்சை உலவின் (துளைகள் உள்ள மரக்குழாயின்) வெளிப்பக்கம் வைத்து ஒவ்வொரு துளைக்கும் நேராகப் பென்சிலால் குறித்தேன். அதன்மேல் நீளவாக்கில் தங்கநிற ஜிகினாத் தாள். குறித்த இடத்தில் மணி வருமாறு, மிச்சக் கம்பியைப் பிளாச்சிலேயே சுற்றி நூலால் கட்டினேன். சூட்சுமம் மணி பார்க்கும் திசையில் இருக்கிறது. ஒவ்வொரு மணியிலும் ஒரு பக்கம்தான் வெளிச்சம் அதிகம். அந்தப் பக்கம் துளையைப் பார்க்கக்கூடாது, ஜிகினாவைப் பார்க்கவேண்டும். வெளிச்சம் ஜிகினாவில் பட்டுத் திரும்பி வரும்போதுதான் அந்தப் பொன் நிறம் கிடைக்கிறது. ஏழு மணியையும் திருப்பிக் கட்ட நாலு சாயங்காலம் ஆனது. அணசைக் கழற்றி, கீழிருந்து பிளாச்சைச் செருகினால் முடிந்தது. வேண்டாம் என்றால் உருவிவிடலாம், மரத்தில் ஒரு தடமும் இருக்காது.

விரல் துளை ஏழு போக மிச்சம் ஐந்து துளைகள் உண்டே, சுருதியைச் சரிசெய்ய மெழுகு வைத்து அடைக்கிறவை, அவற்றில் ஒன்றில் பாதி மெழுகு அப்படியே இருந்தது. சுரண்டவில்லை. இப்போது அந்த ஒரு துளையில் மட்டும் பிறைபோல வெளிச்சம் வருகிறது. பெரியம்மா கிட்டே வந்து பார்த்து அந்த மெழுகைத் தொட்டார். அதில் ஒரு விரல் ரேகை இருக்கிறது, சாய்வாக வெளிச்சம் படும்போதுதான் தெரிகிறது. "அவர் அழுத்தினது" என்றார். ரொம்ப நேரம் அங்கேயே நின்றார்.

நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாரிக்கு இன்றைய உருவம் கொடுத்த ரங்கநாதன் ஆசாரி அந்த ஊர்க்காரர்தான், நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காகச் செய்தது. இன்னும் அங்கே பட்டறைகள் இருக்கின்றன. புதிதாக வாங்குகிறவர்கள் அங்கேயே நேரில் போய் வாங்குங்கள், மரத்தைத் தட்டிக் காட்டி விளக்குவார்கள்.

அணசுக்குள் இன்னும் விளக்கு வைக்கவில்லை. அணசு கீழே பார்க்கத் தொங்கவிட்டால் வெளிச்சம் தரையில் வட்டமாக விழவேண்டும், அதற்கு என்ன பல்பு என்று முடிவாகவில்லை. தொங்கவிடக் கயிறும் பார்க்கவேண்டும். இப்போதைக்கு அலமாரியில் சாய்த்து வைத்திருக்கிறேன். இதற்கிடையில் வீணைக்காரர் ஒருவர் உடைந்த சுரைக்குடுக்கை ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்துவர வேண்டும்.