பத்து வரை

ஜனவரி 9
மகனுக்கு மூன்று அட்டைகள். அம்மா, அக்கா, பந்து. ஒரே சொல் எழுதிய இரண்டு அட்டைகளைச் சேர்த்து வைக்கச் சொன்னால் வைக்கிறான். “அக்கா எங்கே?” என்றால் சரியான அட்டையைத் தொடுகிறான். “இது என்ன?” என்றால் மட்டும் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு. முதலில் பொருத்தணும், அப்புறம் எடுத்துக் கொடுக்கணும், கடைசியில்தான் வாயால் சொல்லணும் என்று தெரபிஸ்ட் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் பொறுமை இல்லை, நேராகக் கடைசிப் படிக்குத் தாவுகிறேன்.

ஜனவரி 10
கேள்வி கேட்டுவிட்டு, அவன் பதிலுக்காக மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். இன்று நான்கு வரைதான் முடிந்தது.

ஜனவரி 14
வகுப்பு ஆசிரியையைப் பார்த்தேன். “முதல்ல உயிரெழுத்து பன்னிரண்டும் வரட்டும், அப்புறம் சொல்லுக்குப் போகலாம்” என்கிறார். ஒன்றரை வருடமாக அவன் அ, ஆ-விலேயே நிற்கிறான். ஔ வரைக்கும் போய், 247-ஐயும் முடித்து, அதற்குப் பிறகுதான் ‘அம்மா’வைப் படிக்க வேண்டுமா? டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் பலருக்குக் காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்தது நன்றாக மனதில் தங்கும். தனி எழுத்தின் ஒலி அவனுக்குக் காற்று மாதிரி. ‘அக்கா’ என்ற சொல்லுக்கோ ஒரு முகம் இருக்கிறது. எழுத்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்மாவையும் அக்காவையும் அடுத்தடுத்து வைத்தால் அந்த ‘அ’ அங்கேயே இருக்கிறதே, அதிலிருந்து பிடிக்கலாமே என்கிறேன்.

இதெல்லாம் இப்போது எழுத வருகிறது. அங்கே “சரிங்க மிஸ்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 23
பந்து என்றான்! தானாக. அட்டையைப் பார்த்து. ‘ப’ முழுசாக வரவில்லை. பரவாயில்லை, பரவாயில்லை.

ஜனவரி 25
பெரியவள் அவள் கணக்கு நோட்டில் ‘பத்து’ என்று எழுதி வைத்திருந்ததைப் பார்த்து “பந்து” என்று குதித்தான். தலையும் வாலும் பார்த்துப் படிக்கிறான், நடுவில் இருப்பது கண்ணில் படவில்லை. அப்படியானால் எழுத்துக்கு நேரம் வந்துவிட்டது. ஆசிரியை இதைக் கேட்டால் சிரிப்பார்.

பிப்ரவரி 2
காதில் நீர். இரண்டு பக்கமும், செவிப்பறைக்குப் பின்னால், பசை மாதிரி. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்குக் காதின் உள்குழாய் குறுகலாக இருப்பதால் இது சகஜமாம். டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். மூன்று மாதம் பார்ப்போம், தானாக வடியலாம், இல்லையென்றால் சின்னக் குழாய் வைக்கலாம் என்றார்.

பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாதபோதெல்லாம் பிடிவாதம் என்று திட்டினேனே.

பிப்ரவரி 3
தூக்கம் இல்லை. தண்ணீருக்குள் தலையை வைத்துக்கொண்டு ஒரு மொழியைக் கற்றுக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். அதுவும் நம் மொழியில் எல்லாமே சொல்லின் வாலில்தான் இருக்கிறது. இடம், காலம், ஆணா பெண்ணா, எல்லாம் கடைசியில் மெல்லத் தேய்ந்து போகும் அந்த ஒலியில். அவன் “பந்து மேசை” என்று நிறுத்துவதில் என்ன ஆச்சரியம்? ‘இல்’ அவன் காதுக்குப் போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாது. கேட்காததைக் காட்டலாம். எழுதினால் வால் தெரியும்.

பிப்ரவரி 11
அவனுக்கென்று ஒரு புத்தகம். அவன் படங்கள், பக்கத்துக்கு ஒரு வரி. ‘அக்கா பள்ளிக்குப் போனாள்.’ ‘பந்து மேசையில் இருக்கிறது.’ வால்களுக்குச் சிவப்பு மை. அதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சண்டை. வீட்டில் யார் ‘இருக்கிறது’ என்று பேசுகிறோம், ‘இருக்கு’ என்று எழுது என்கிறார் இவர். பள்ளிப் புத்தகத்தில் ‘இருக்கு’ வராதே என்கிறேன் நான். ஒரு மொழிக்கே தடுமாறும் பிள்ளைக்கு வாய்க்கு ஒன்று, தாளுக்கு ஒன்று. கடைசியில் நான் எழுதியபடியே இருக்கட்டும் என்று விட்டார். ஜெயித்த மாதிரி இல்லை.

பிப்ரவரி 12
ஆறு வரை எண்ணினேன்.

பிப்ரவரி 20
‘எழுதவில்லை’ என்று நோட்டில் குறிப்பு. எழுதவில்லை என்றால் தெரியவில்லை என்று அர்த்தமா? அவன் விரல் மூட்டுகள் தளர்வு, தசையில் பிடிப்பு குறைவு, பென்சில் கோடு தாளில் விழுவதே பெரிது. சொல் அட்டைகளை வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள், வாக்கியம் வரும் என்று ஒரு உறையில் போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

பிப்ரவரி 24
உறை திரும்பி வந்தது. ஒட்டியபடியே.

மார்ச் 8
நான் கேட்க, பெரியவள் பதில் சொல்ல, அவன் சிரிக்க. தினமும் இதே கதை. “நீ சொல்லாதே, அவன் சொல்லட்டும்” என்று அதட்டினேன். “நீதாம்மா நாலு எண்றதுக்குள்ள சொல்லிடற” என்றாள். நான் எண்ணுவது இவளுக்கு எப்படித் தெரியும்?

உதடு அசைகிறதாம்.

மார்ச் 21
மூன்றாம் மாதம், இருபத்தொன்றாம் தேதி. உலக டவுன் சிண்ட்ரோம் தினம். 21-வது குரோமோசோம் மூன்று இருப்பதால் இந்த நாள். பள்ளியில் எல்லாரும் ஜோடி மாற்றிக் காலுறை போட்டு வந்தார்கள், அவனை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அவனுக்கு ஒரே கொண்டாட்டம், நானும் கை தட்டினேன். யாராவது ஒருவர் அவன் புத்தகத்தை வாங்கி ஒரு பக்கம் படிக்கச் சொல்லியிருக்கலாம். பையில்தான் இருந்தது.

ஏப்ரல் 2
முப்பத்தொரு சொல். இன்று எதுவும் வேண்டாம் என்று அட்டைப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான். சரி, விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 17
பத்து, பந்து. இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். நடுவெழுத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். இரண்டையும் சரியாகச் சொன்னான். ‘பத்து’ அட்டைக்கு நான்கு தரம் சரி, ஒரு தரம் சிரிப்பு.

மே 3
நாளை காது. பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று.

சாயங்காலம் அவன் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தான். “புத்தகம் எங்கே வெச்சே?” என்று கேட்டுவிட்டு எண்ண ஆரம்பித்தேன். கையில் தாள் இல்லை, சிவப்பு மை இல்லை. ஏழில் “மேசை” என்றான். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். எட்டு. ஒன்பது.

“லே” என்றான்.

‘மேசையில்’ இல்லை. மேசை, லே. நான் எழுதிக் கொடுத்த வால் இல்லை இது. தாளில் எங்கேயும் அப்படி இல்லை, எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டேன். வாயில் பேசுவது மட்டும்தான் அப்படி. அப்படியென்றால் எங்கிருந்தோ அவன் காதில் விழுந்திருக்கிறது.

இவரிடம் சொன்னேன். “இருக்குன்னு எழுதச் சொன்னேனே” என்றார். இப்போது அதுவா முக்கியம்!

மே 4
டோக்கன் 14. உள்ளே 9 போயிருக்கிறது. மடியில் உட்கார்ந்து கதவில் எழுதியிருப்பதை விரலால் தொட்டுக்காட்டி