4,20,077க்குச் சான்று கிடைத்த கதை

நேற்று இரவு பதினொரு மணிக்கு, 1969 குடியரசுத் தலைவர் தேர்தல் பற்றிய இணையக் கலைக்களஞ்சியக் கட்டுரையில் என் திருத்தம் ஏற்கப்பட்டது. மூன்று மாத அலைச்சல், சென்னைக்கு இரண்டு பயணம், கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் முடிவில்லாத வாதம். இத்தனையும் ஓர் அட்டவணையைச் சரிசெய்வதற்காக. வீட்டில் உட்பட எல்லாரும் இதற்கா இவ்வளவு என்று கேட்டுவிட்டார்கள். இதற்குத்தான். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இதே வேலையில் இறங்கும் ஒருவருக்காவது ஒரு பஸ் பயணம் மிச்சமாகட்டும்.

திருச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்கள் ஒவ்வொருவருடைய வாக்குக்கும் ஒரு மதிப்பு உண்டு என்ற பாடம் வந்தபோது, 1969 தேர்தலைப் பற்றி எழுதி வரச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி இணையக் கலைக்களஞ்சியக் கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு வந்தாள். அட்டவணைக்குக் கீழே பென்சிலால் ஒரு கூட்டல் போட்டிருந்தாள். வென்ற வி.வி. கிரி 4,20,707. சஞ்சீவ ரெட்டி 4,05,427. தேஷ்முக் 1,12,769. ஆக மொத்தம் 9,38,903. "சார், செல்லுபடியான மொத்த வாக்கு மதிப்பே 8,36,337 என்று இதே பக்கத்தில் மேலே போட்டிருக்கிறது. மூன்று பேருக்கு மட்டும் அதைவிட ஒரு லட்சம் கூடுதலாக எப்படி வரும்?"

வராது. முதல் எண்ணிக்கையையும் இறுதி எண்ணிக்கையையும் யாரோ ஒரே நெடுவரிசையில் கலந்துவிட்டார்கள். வாக்காளர்கள் வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் குறிக்கும் தேர்தல் இது. முதல் விருப்ப வாக்குகளில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. வெற்றிக்குத் தேவையானது 4,18,169. கிரி 16,654 குறைவாக நின்றார். பின்தங்கியவர்கள் ஒவ்வொருவராக நீக்கப்பட்டு, அவர்களுடைய வாக்குச் சீட்டுகளில் இருந்த அடுத்த விருப்பங்கள் மாற்றப்பட்ட பிறகுதான் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427 என்று முடிந்தது. இந்தியாவில் முதல் எண்ணிக்கையில் முடிவு தெரியாமல் அடுத்த விருப்பங்களை எண்ண வேண்டி வந்த ஒரே குடியரசுத் தலைவர் தேர்தல் இதுதான். இந்த ஒற்றை மாற்று வாக்கு முறை எதற்கு என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க நமக்கு இருக்கும் நல்ல உதாரணம். அட்டவணையோ அதையே மறைத்துவிட்டது. என் கோபம் அங்கேதான் தொடங்கியது.

அன்றிரவே திருத்தினேன். இருபது நிமிடத்தில் மீளமைத்துவிட்டார்கள், அதாவது பழையபடியே மாற்றிவிட்டார்கள். "சான்றுள்ள தகவல் சான்றின்றி மாற்றப்பட்டது" என்று ஒரு வரிக் காரணம். உண்மைதான், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு மேற்கோள் இருந்தது: ஒரு வார இதழின் இணையப் பக்கம். திறந்து பார்த்தேன். அங்கேயும் 4,20,707.

அப்போதுதான் உறைத்தது. சரியான எண் 4,20,077. இலக்கங்கள் இடம் மாறி விழுந்த ஒரு தட்டச்சுப் பிழை இரண்டு இடத்திலும் அப்படியே எப்படி வரும்? தொகுப்பு வரலாற்றில் பின்னோக்கிப் போனேன். 2011இல் ஒருவர் எந்தச் சான்றும் இல்லாமல் அந்த எண்ணைச் சேர்த்திருக்கிறார். வார இதழின் கட்டுரை வந்தது 2017 ஜூலையில், ராம்நாத் கோவிந்த் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சமயத்தில். மறு ஆண்டு இன்னொருவர் நல்ல எண்ணத்தோடு அந்த இதழையே நம் கட்டுரைக்குச் சான்றாகச் சேர்த்திருக்கிறார். இங்கிருந்து அங்கே போனது அங்கிருந்து இங்கே திரும்பி, "சான்று தேவை" என்ற குறிப்பையும் நீக்க வைத்துவிட்டது. ஆறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பிழை தனக்குத் தானே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

இதை நாள்வாரியாகப் பேச்சுப் பக்கத்தில் எழுதி வைத்தேன். மீளமைத்தவர் மறுநாள் பதில் போட்டார்: "ஐயா, நீங்கள் சொல்வது சரியாகவே படுகிறது. இதழ் தவறு என்பது நிரூபணமாகிவிட்டது. உங்கள் எண் சரி என்பது இன்னும் ஆகவில்லை. அந்தக் காலத்து அச்சுச் சான்று ஒன்று கொடுங்கள்." படித்ததும் எரிச்சலாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் பிழை இல்லை. என் கையில் இருந்தது ஒரு போட்டித் தேர்வு வழிகாட்டி. அதன் ஆசிரியர் எங்கிருந்து எடுத்தார் என்று அதில் ஒரு வரி கிடையாது. கட்டுரையில் இருந்த மற்ற இரண்டு இணைப்புகளும் முறிந்து கிடந்தன. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் ஒன்றுக்கு முகப்புப் பக்கம் மட்டும் சேமிப்பில் இருந்தது, இன்னொன்றுக்கு அதுவும் இல்லை. (நீங்கள் இணைய மேற்கோள் சேர்க்கும் அன்றைக்கே அந்தப் பக்கத்தைச் சேமிப்பகத்தில் ஏற்றிவிட்டு, அந்த முகவரியையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டு நிமிட வேலை.)

தேர்தல் முடிவு அறிவிக்கப்பட்டது 1969 ஆகஸ்ட் 20. ஆகவே ஆகஸ்ட் 21 நாளிதழ் வேண்டும். சென்னையில் ஒரு நூலகத்தில் பழைய ஆங்கில நாளிதழ்கள் காலாண்டு வாரியாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன என்று கேள்விப்பட்டு, தொலைபேசியில் விசாரித்தேன். "எல்லா ஆண்டும் இருக்கிறது, வாருங்கள்" என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறினேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிரிவு எழுத்தர் கேட்ட முதல் கேள்வி, "எந்த நிறுவனத்திலிருந்து வருகிறீர்கள்?" எந்த நிறுவனமும் இல்லை, சொந்த ஆர்வம் என்றேன். ஆதார் அட்டையை நீட்டினேன். "இது ஆள் அடையாளம். எங்களுக்கு அறிமுகக் கடிதம் வேண்டும்." தலைமையாசிரியருக்குப் போன் செய்து, அவர் கையால் எழுதிய கடிதத்தைப் படமாக வரவழைத்துக் காட்டினேன். முத்திரை இல்லை என்று நிராகரித்தார். மேலதிகாரி வந்தால் கேட்கலாம் என்றார். மேலதிகாரி சாப்பிட்டுவிட்டு வந்தது இரண்டரை மணிக்கு. அவர் நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டதும், "பார்த்துவிட்டுப் போகட்டும்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். சீட்டை எடுத்துக்கொண்டு எழுத்தரிடம் திரும்பி, "ஜூலை முதல் செப்டம்பர் வரை, 1969" என்றேன். மேசை மேல் கிடந்த பதிவேட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் அவர் சொன்னார்: "அது பைண்டிங்குக்குப் போயிருக்கிறது. வர ஒரு மாதம் ஆகும்."

காலையிலிருந்து அவருக்கு அது தெரிந்திருக்கிறது. நாலரை மணி நேரம் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. இதை எழுதும்போதும் நெஞ்சு எரிகிறது. தயவுசெய்து தொலைபேசியில் "இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். "இந்த மாதம், இந்த ஆண்டு, இந்தத் தொகுதி இப்போது அலமாரியில் இருக்கிறதா, பார்த்துச் சொல்ல முடியுமா" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, சொன்னவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். முத்திரையிட்ட கடிதம் இரண்டு படி கையில் இருக்கட்டும்.

ஐந்து வாரம் கழித்து இரண்டாவது பயணம். இம்முறை கடிதம், முத்திரை எல்லாம் சரி. தொகுதி பதினைந்து நிமிடத்தில் மேசைக்கு வந்துவிட்டது. புது அட்டை, உள்ளே பழுப்பேறிய தாள். ஓரங்கள் தொட்டாலே அப்பளம் போல் ஒடிந்தன. ஒரு பக்கத்தைப் புரட்ட இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுக்க வேண்டியிருந்தது. ஜூலையில் வங்கிகள் நாட்டுடைமை, துணைக் குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து கிரியின் ராஜினாமா, ஆகஸ்டில் மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்ற முழக்கம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து போய் ஆகஸ்ட் 21ஐத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே, மடிப்பு விழுந்த இடத்துக்குச் சற்று மேலே, சிறிய எழுத்தில் ஓர் அட்டவணை. முதலில் 4,01,515. கீழே 4,20,077. விரலை வைத்து இலக்கம் இலக்கமாக மூன்று முறை படித்தேன். பூஜ்யம், ஏழு, ஏழு. பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வாய்விட்டுப் படித்திருக்கிறேன் போலிருக்கிறது.

அந்த மகிழ்ச்சியில்தான் பிழை செய்தேன். ஜெராக்ஸுக்கு அனுமதி இல்லை, செல்பேசியில் படம் எடுக்கலாம் என்றார்கள். அட்டவணை தெளிவாக விழவேண்டும் என்று நெருங்கி நெருங்கி நான்கு படம் எடுத்தேன். ஊருக்கு வந்து பேச்சுப் பக்கத்தில் விவரம் சேர்த்தபோது, நாளிதழின் பெயரும் தேதியும் பக்க எண்ணும் தெரியும்படி படம் உண்டா என்று கேட்டார்கள். நான்கில் ஒன்றிலும் இல்லை. எத்தனையாவது பத்தி என்பதைக்கூட நான் குறித்துக்கொள்ளவில்லை. மூன்றாவது பயணத்துக்கு விடுப்பும் இல்லை, பணமும் இல்லை. வேறு வழியின்றி, சென்னையில் இருப்பவர்கள் யாராவது போய்ப் பார்க்க முடியுமா என்று ஆலமரத்தடியில் (கலைக்களஞ்சியப் பயனர்கள் பொதுவாகப் பேசிக்கொள்ளும் பக்கம்) எழுதிப் போட்டேன். சென்னையில் படிக்கும் ஒரு கல்லூரி மாணவி, இதுவரை நேரில் பார்த்ததே இல்லை, துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போய் முழுப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினார். தலைப்பு, தேதி, பக்கம், அட்டவணை எல்லாம் ஒரே சட்டத்துக்குள். இந்தத் திருத்தத்தில் பாதிப் பெருமை அவருக்கு. எந்தப் பழைய தாளைப் படமெடுத்தாலும் முதல் படம் முழுப் பக்கமாக இருக்கட்டும். நெருக்கப் படம் அதற்கப்புறம்.

அட்டவணை சரியானதும் மற்ற பிழைகள் தாமாகக் கண்ணில் பட ஆரம்பித்தன. இன்னொரு பத்தியில், 1969இல் ஒரு தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு 176 என்று இருந்தது. 176 என்பது இன்றைய மதிப்பு. அது 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து வருவது. 1969 தேர்தலில் 1971 கணக்கெடுப்பை யார் பயன்படுத்தியிருக்க முடியும்? அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம் வந்த பிறகுதான் 1971 கணக்கு உறைய வைக்கப்பட்டது. அதற்கு முன்பு கடைசியாக நடந்த கணக்கெடுப்பே அளவுகோல். 1961இல் மாநில மக்கள்தொகை 3,36,86,953. அதைச் சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையான 234ஆல் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் 143.96, பாதிக்கு மேல் மிச்சம் இருப்பதால் ஒன்று கூட்ட வேண்டும், ஆக 144. இது கலைக்களஞ்சியத்தில் அனுமதி இல்லாத சொந்த ஆய்வு ஆகாதா என்று ஒருவர் கேட்டார். அரசியலமைப்பின் 55ஆவது பிரிவு சொல்லும் வகுத்தலை அப்படியே செய்து காட்டுவது ஆய்வு ஆகாது என்று மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கணக்கை மறைக்காமல் படிப்படியாக அடிக்குறிப்பில் போட்டேன், யார் வேண்டுமானாலும் சரிபார்க்கட்டும் என்று.

நீதிமன்றத் தீர்ப்பு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ரெட்டிக்கு எதிராகப் பரவிய துண்டறிக்கையை கிரியே வெளியிட்டார் என்று கட்டுரை அடித்துச் சொன்னது. சான்று, 1970இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. தேர்தலை எதிர்த்த மனுதாரர்களின் குற்றச்சாட்டைத் தொகுத்துச் சொல்லும் பகுதியிலிருந்து யாரோ அந்த வரியை எடுத்திருக்கிறார்கள். மனுக்கள் தள்ளுபடியாயின, பதவியில் இருந்த குடியரசுத் தலைவரே நேரில் வந்து சாட்சி சொன்ன வழக்கு அது. தீர்ப்பைச் சான்றாக வைப்பவர்கள் எந்தப் பத்தியில் மனுதாரர் பேசுகிறார், எந்தப் பத்தியில் நீதிபதி பேசுகிறார் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒருவருடைய பெயரோடு விளையாடும் காரியம் இது. அந்த வரியை நீக்குவதற்கு மட்டும் எந்த எதிர்ப்பும் வரவில்லை.

இப்போது அட்டவணையில் இரண்டு நெடுவரிசைகள் இருக்கின்றன: முதல் எண்ணிக்கை, இறுதி எண்ணிக்கை. நெடுவரிசைத் தலைப்பிலும் "வாக்குகள்" என்பதை "வாக்கு மதிப்பு" என்று மாற்றியாயிற்று. பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கே புதிதாக ஒன்று தெரிந்தது. மாற்றப்பட்ட விருப்பங்களில் ரெட்டிக்குப் போனது 91,879. கிரிக்கு வந்தது வெறும் 18,562. அந்தப் பதினெட்டாயிரம்தான் கிரியைக் கரை சேர்த்திருக்கிறது. திங்கட்கிழமை வகுப்பில் இதைக் கரும்பலகையில் போடப்போகிறேன். பென்சிலால் கூட்டிப் பார்த்தவளைக் கொண்டே போட வைக்கலாம் என்றிருக்கிறேன்.

வார இதழின் பக்கத்தில் இன்றைக்கும் 4,20,707தான் இருக்கிறது. இரண்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன், பதில் இல்லை. நாளைக்கு வேறொருவர் அதே இணைப்போடு வரக்கூடும் என்பதால், நாளிதழின் தேதியும் பக்க எண்ணும் பிழை சுற்றி வந்த வழியும் பேச்சுப் பக்கத்தின் உச்சியிலேயே இருக்கும்படி எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பகுதியை யாரும் காப்பகத்துக்கு நகர்த்திவிட வேண்டாம் என்று நிருவாகிகளிடம் கேட்டிருக்கிறேன்.