ஐஸ்லாந்து எழுத்துகளைக் கணினியில் அடிப்பதும் காட்டுவதும்

சென்னையில் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் வடிவமைத்துத் தரும் அலுவலகங்கள் நிறைய இருக்கின்றன. எரிமலை, மீன்வளம், மரபியல் என்று எந்தத் துறை இதழை எடுத்தாலும், ஐஸ்லாந்துக்காரர் பெயர் ஒன்றாவது கண்ணில் படும். அந்தப் பெயர் அச்சுக்குப் போவதற்குள் þ என்பது 'பி' (p) ஆகிவிடுகிறது, ð என்பது 'டி' (d) ஆகிவிடுகிறது. மேற்கோள் பட்டியலில் ஒரு ஆய்வாளரின் பெயர் இரண்டு விதமாக வந்தால், தேடுகிறவருக்கு அவருடைய கட்டுரைகளில் பாதி கிடைக்காது. இதைச் சரியாகச் செய்யத் தனி மென்பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. தேவையான எல்லாமே கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன.

ஐஸ்லாந்து நெடுங்கணக்கில் 32 எழுத்துகள். அவற்றில் ஆங்கிலத்தில் இல்லாதவை பத்து: á é í ó ú ý ð þ æ ö. ð எழுத்தின் பெயர் 'எத்', þ எழுத்தின் பெயர் 'தோர்ன்'. எத் எந்தச் சொல்லுக்கும் முதலில் வராது. ஆகவே அதன் பெரிய வடிவமான Ð, தலைப்பு முழுவதையும் பெரிய எழுத்தில் போடும்போது மட்டும்தான் தேவைப்படும். சோதனையில் அது தப்பிவிடுவதற்கும் இதுவே காரணம்.

முதலில் தட்டச்சு. பத்தி பத்தியாக ஐஸ்லாந்து மொழியிலேயே அடிப்பவரா, ஆங்கிலக் கட்டுரைக்கு நடுவே அவ்வப்போது ஒரு பெயரை மட்டும் அடிப்பவரா என்பதைப் பொறுத்து வழி மாறும்.

பத்தியாக அடிப்பவருக்கு ஐஸ்லாந்து கீபோர்டு அமைப்புதான் சரி. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன் என்று போய் 'ஐஸ்லாண்டிக்' மொழியைச் சேருங்கள். சேர்க்கும்போது 'விண்டோஸ் டிஸ்ப்ளே லாங்குவேஜ்' என்ற பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மெனு முழுவதும் ஐஸ்லாந்து மொழிக்குப் போய்விட வாய்ப்புண்டு. கீபோர்டுகளுக்கு இடையே மாற விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பார்.

ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண கீபோர்டே போதும். அதில் எழுத்துகள் எங்கே உட்காரும் என்றால்: பூஜ்யத்துக்கு வலப்பக்கம் உள்ள கழித்தல் விசையில் ö. பி-க்கு வலப்பக்கம் உள்ள சதுர அடைப்புக்குறி விசையில் ð. எல்-க்கு அடுத்த செமிகோலன் விசையில் æ. வலது ஷிஃப்டை ஒட்டிய சாய்கோட்டு விசையில் þ. மேலே கோடு போட்ட ஆறு உயிரெழுத்துகளுக்கும் செமிகோலனுக்கு அடுத்த மேற்கோள் விசையை ஒருமுறை தட்டிவிட்டு, பிறகு உயிரெழுத்தைத் தட்ட வேண்டும். முதல் தட்டலில் திரையில் எதுவும் வராது. விசை வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னொரு முறை தட்டினால் வெறும் கோடு இரண்டு வந்து நிற்கும். ஒரு தட்டு, உடனே எழுத்து என்பதைக் கைக்குப் பழக்கிவிட்டால் போதும்.

இந்த அமைப்பில் குறியீடுகளும் இடம் மாறும். சாய்கோடு ஷிஃப்ட்டோடு 7-க்குப் போகிறது, மின்னஞ்சல் முகவரியின் அட் குறி வலது ஆல்ட்டோடு கியூ-வுக்குப் போகிறது. பெரிய தொல்லை சிறியது, பெரியது என்று காட்டும் < > குறிகள்தான். ஐரோப்பிய கீபோர்டில் இடது ஷிஃப்டுக்கும் இசட்டுக்கும் நடுவே ஒரு கூடுதல் விசை உண்டு, அந்தக் குறிகள் அதில்தான் இருக்கின்றன. நம் ஊர் மடிக்கணினிகளில் இடது ஷிஃப்ட் நீளமாக இருக்கும், அந்த விசையே கிடையாது. இதழ்க் கோப்புகளில் <> குறிகளுக்குள் எழுதும் எக்ஸ்எம்எல் குறிச்சொற்களை அடிப்பவர் இதில் கட்டாயம் மாட்டிக்கொள்வார். அந்த வேலைக்கு மட்டும் ஆங்கிலக் கீபோர்டுக்குத் திரும்பிவிடுவதுதான் வழி. எந்த விசையில் என்ன இருக்கிறது என்று பார்க்க விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரைக் கீபோர்டு வரும். அதில் வலது ஆல்ட்டை அழுத்தினால் மறைந்திருக்கும் குறிகளும் தெரியும்.

பெயர் மட்டும் அடிப்பவருக்கு இவ்வளவு வேண்டாம். ஆங்கில மொழியின் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸில் 'ஆட் எ கீபோர்டு' கொடுத்து, 'யுனைடெட் ஸ்டேட்ஸ்-இன்டர்நேஷனல்' என்பதைச் சேருங்கள். இதில் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். வலது ஆல்ட்டை அழுத்திக்கொண்டு ஆர்-க்கும் ஒய்-க்கும் நடுவில் உள்ள விசையைத் தட்டினால் þ. எஸ்-க்கு வலப்பக்க விசையைத் தட்டினால் ð. இசட் தட்டினால் æ, ஓ-வுக்கு அடுத்த பி (p) தட்டினால் ö. ஏ, இ, ஐ, ஓ, யு தட்டினால் அதனதன் கோடு போட்ட வடிவம். ஷிஃப்டையும் சேர்த்தால் பெரிய எழுத்து. ý மட்டும் விதிவிலக்கு: வலது ஆல்ட்டோடு ஒய் தட்டினால் ü வரும். ஆகவே மேற்கோள் விசையைத் தட்டிவிட்டு ஒய் தட்ட வேண்டும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. ஒற்றை, இரட்டை மேற்கோள் விசைகள் இரண்டும் அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கும். ஏ-யில் தொடங்கும் ஆங்கிலச் சொல்லை ஒற்றை மேற்கோளுக்குள் போட்டால் மேற்கோள் காணாமல் போய் á வந்து நிற்கும். மேற்கோளுக்குப் பிறகு ஸ்பேஸ் ஒருமுறை தட்டினால் குறி மட்டும் விழும். இந்திய ஆங்கிலக் கீபோர்டில் வலது ஆல்ட்டோடு 4 தட்டினால் வரும் ₹ குறியும் இதில் வராது, ¤ தான் வரும். பில் அடிப்பவர் கணினியில் இதையே நிரந்தரமாக விட்டுவிடாதீர்கள். வலது ஆல்ட் சேர்க்கை ஏதாவது ஒன்று மட்டும் வேலை செய்யவில்லை என்றால், கண்ட்ரோல்-ஆல்ட் குறுக்குவழி வைத்திருக்கும் வேறு மென்பொருள் எதுவோ அதைப் பிடித்துக்கொள்கிறது என்று பொருள். திரைப்பிடிப்பு மென்பொருள்களை முதலில் பாருங்கள்.

தமிழ் 99 கீபோர்டும் சேர்ந்து மூன்று அமைப்புகள் ஆகிவிட்டால் குழப்பம் வரும். அட்வான்ஸ்ட் கீபோர்டு செட்டிங்ஸில் ஒவ்வொரு சாளரத்துக்கும் தனித்தனிக் கீபோர்டு வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் வேர்டு தமிழிலேயே இருக்கும், எக்ஸ்எம்எல் எடிட்டர் இன்டர்நேஷனலிலேயே இருக்கும்.

ஆல்ட் எண் முறையும் உண்டு. ஆல்ட்டை அழுத்திக்கொண்டு எண் திண்டில் 0254 அடித்தால் þ, 0222 அடித்தால் Þ, 0240 ð, 0208 Ð, 0230 æ, 0198 Æ, 0253 ý. முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டு வெறும் 254 அடித்தால் கறுப்புக் கட்டம் ■ வரும். பூஜ்யம் இல்லாத எண்ணைப் பழைய டாஸ் காலத்து அட்டவணையில் விண்டோஸ் தேடுவதுதான் காரணம். எண் திண்டு இல்லாத மடிக்கணினியில் இந்த முறை உதவாது.

மேக்கில் சாதாரண ஆங்கில அமைப்பை வைத்துக்கொண்டு ð, þ இரண்டையும் ஆப்ஷன் விசையால் அடிக்க முடியாது. ஆப்ஷனோடு எஸ்-க்கு அடுத்த விசையைத் தட்டினால் ∂ வரும், அது கணிதக் குறி. பார்வைக்கு எத் போலவே இருப்பதால் மெய்ப்பிலும் தப்பிவிடுகிறது. சிஸ்டம் செட்டிங்ஸ், கீபோர்டு, இன்புட் சோர்சஸில் 'ஏபிசி எக்ஸ்டெண்டட்' சேர்த்துவிட்டால் அதே சேர்க்கையில் உண்மையான ð வரும். லினக்ஸில் கம்போஸ் விசையை இயக்கிக்கொள்வதுதான் என் பரிந்துரை. கம்போஸ் தட்டி, ஆங்கிலத்தில் 'த' ஒலிக்கு எழுதும் இரண்டு எழுத்தை அடித்தால் þ. ஏ, இ அடித்தால் æ. நினைவில் வைக்க இதைவிட எளிய முறை கிடையாது.

இனி திரையில் தெரிவது. ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், காலிப்ரி, நோட்டோ ஆகியவற்றில் இந்த எழுத்துகள் எல்லாம் இருக்கின்றன. சிக்கல் வருவது நம் பழைய தமிழ் எழுத்துருக்களால். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் எழுத்துருக்களும், டிஸ்கி எழுத்துருக்களும், எழுத்துகளுக்குக் கணினி தரும் எண்களில் 128-க்கு மேற்பட்ட இடங்களில் தமிழ் எழுத்துகளை வைத்திருந்தன. ஐஸ்லாந்து எழுத்துகள் பத்துமே அந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. தமிழக அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டாலும், அச்சகங்களில் அந்தப் பழைய கோப்புகளும் டெம்ப்ளேட்டுகளும் இன்னும் புழங்குகின்றன. அப்படி ஒரு டெம்ப்ளேட்டில் ஐஸ்லாந்துப் பெயரை ஒட்டினால், பெயருக்கு நடுவே ஒரு தமிழ் எழுத்து முளைக்கும். எழுத்தை அழித்து மீண்டும் அடித்துப் பயனில்லை. எழுத்துருவை மாற்றினால் போதும், உள்ளே இருக்கும் எழுத்து பத்திரமாகவே இருக்கும்.

மூன்றாவது, எல்லாவற்றையும்விட அதிகம் படுத்துவது, என்கோடிங், அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை. 254 என்பது ஒரு கதவு எண். எந்தத் தெரு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் கொடுத்தால் கடிதம் எங்கேயோ போய்ச் சேரும். மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் 254 என்றால் þ. துருக்கி அட்டவணையில் அதே எண் ş. துருக்கிக்கான ஐஎஸ்ஓ 8859-9 அட்டவணையே மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் ஐஸ்லாந்தின் Ð Ý Þ ð ý þ ஆறையும் எடுத்துவிட்டு, அந்த இடங்களில் துருக்கி எழுத்துகளை வைத்து உண்டாக்கியதுதான். ஆகவே ஐஸ்லாந்துப் பெயரில் ğ, ş தெரிந்தாலோ, துருக்கிப் பெயரில் ð, þ தெரிந்தாலோ என்ன நடந்தது என்று உடனே சொல்லிவிடலாம். எழுத்தை ஒவ்வொன்றாகத் திருத்தாதீர்கள். கோப்பைச் சரியான அட்டவணையில் மறுபடி திறங்கள்.

þ இருக்க வேண்டிய இடத்தில் Ã¾ என்று இரண்டு எழுத்து தெரிந்தால், யூடிஎஃப்-8 கோப்பை 1252 என்ற விண்டோஸின் மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் திறந்திருக்கிறீர்கள். யூடிஎஃப்-8 என்பது யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறை, இந்த எழுத்து ஒவ்வொன்றையும் அது இரண்டு பைட்டாக வைக்கும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அப்படித் தவறாகத் திறந்து அப்படியே சேமித்த கோப்பைப் பெரும்பாலும் திருப்பி மீட்டுவிடலாம். ஆனால் Á, Í, Ð, Ý நான்கின் இரண்டாவது பைட்டும் 1252 அட்டவணையில் எழுத்தே ஒதுக்கப்படாத இடங்களில் விழுகிறது. சில மென்பொருள்கள் அந்த பைட்டை அப்படியே வைத்திருக்கும், சில கேள்விக்குறியாக்கிவிடும். கேள்விக்குறி ஆனது திரும்ப வராது. சிறிய í இன்னொரு விதம்: அதன் இரண்டாவது பைட் கண்ணுக்குத் தெரியாத மென்கோடாக மாறி Ã மட்டும் தெரியும். அதை மட்டும் திருத்தினால் தெரியாத கோடு உள்ளேயே தங்கி, தேடலைக் கெடுத்துக்கொண்டிருக்கும்.

எக்செல்தான் இதற்கெல்லாம் வழக்கமான வாசல். சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். டேட்டா மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகப் போய், ஃபைல் ஆரிஜினில் 65001 யூனிகோட் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். சேமிக்கும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்றே சேமியுங்கள். நோட்பேடு விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8-ஐயே இயல்பாக எடுத்துக்கொள்கிறது. அதற்கு முந்தைய கணினியில் 'சேவ் ஆஸ்' பெட்டியின் அடியில் பார்த்து மாற்ற வேண்டும்.

எக்ஸ்எம்எல் வேலையில் எத், தோர்ன் இரண்டுக்கும் எச்டிஎம்எல்லில் உள்ள பெயர்க் குறிகளைப் போடாதீர்கள். எக்ஸ்எம்எல் தானாக அறிந்த பெயர்க் குறிகள் ஐந்துதான், மற்றவற்றைக் கோப்பின் அமைப்பு விதிகளைச் சொல்லும் டிடிடி அறிவிக்காவிட்டால், கோப்பைப் படிக்கும் பார்சர் நின்றுவிடும். எழுத்தை நேராகப் போடுங்கள், அல்லது &#254; &#240; என்று எண்ணால் எழுதுங்கள். பக்கம் அமைக்கும் லேடெக்ஸ் மென்பொருளில் பழைய ஓடி1 எழுத்துருக் குறியாக்கத்தில் இந்த இரண்டு எழுத்தும் இல்லை, டி1 வேண்டும். ஸீலேடெக்ஸ், லுவாலேடெக்ஸ் பயன்படுத்துபவருக்கு, எழுத்துருவில் எழுத்து இருந்தால் போதும்.

மெய்ப்புப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது: Ð எழுத்துக்கு இரட்டைப் பிறவி ஒன்று இருக்கிறது. வியட்நாம், குரோவேஷிய மொழிகளின் Đ பார்வைக்கு அதேதான், யூனிகோடில் வேறு எழுத்து. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் சிறிய எழுத்தாக மாற்றிப் பாருங்கள். ð வந்தால் சரி, நிமிர்ந்த தண்டில் குறுக்குக் கோடு போட்ட đ வந்தால் தவறு. சாய்வு எழுத்தில் æ எழுத்தும் பிரெஞ்சு œ எழுத்தும் குழம்பும், நேரெழுத்தாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் வழியாக வந்த பக்கம் என்றால் þ அநேகமாக 'பி' ஆகியிருக்கும். மேக்கிலிருந்து வரும் கோப்புப் பெயர்களில் á சில நேரம் ஏ-யும் தனிக் கோடுமாக இரண்டு துண்டாக இருக்கும். கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும், தேடினால் கிடைக்காது. துண்டுகளைச் சேர்த்து வைக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் ஒன்றாகிவிடும். ð, þ, æ மூன்றும் இப்படிப் பிரியாதவை. அதனால்தான் கோடுகளை நீக்கும் நிரல் இவற்றைத் தொடாமல் விட்டுவிடுகிறது. வெறும் ஆங்கில எழுத்துதான் வேண்டும் என்றால் மாற்றை நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும்.

புது டெம்ப்ளேட் வந்தால் இந்த ஒரு வரியை அதில் ஒட்டி, நேர், சாய்வு, தடித்த எழுத்து மூன்றிலும் பிடிஎஃப் எடுத்து, பிடிஎஃப்பிலிருந்து திரும்ப நகலெடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்:

á é í ó ú ý ð þ æ ö Á É Í Ó Ú Ý Ð Þ Æ Ö

அகரவரிசைப்படுத்தும்போது á தனி எழுத்து, ஏ-க்கு அடுத்து வரும். þ, æ, ö மூன்றும் கடைசியில். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இதற்கென்றே ஐஸ்லாண்டிக் கொலேஷன், அதாவது வரிசை விதி, இருக்கிறது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஐஸ்லாந்துக்காரரின் இரண்டாவது பெயர் பெரும்பாலும் குடும்பப் பெயர் அல்ல. இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று தந்தை அல்லது தாய் பெயரை வைத்து வருவது. அங்கே அச்சில் வந்த தொலைபேசிப் புத்தகமே முதல் பெயர் வரிசையில்தான் இருந்தது. தந்தை பெயரை முதலெழுத்தாகப் போடும் நமக்கு இது புதிதல்ல. ஆகவே நூலின் பொருளடைவில் ஐஸ்லாந்துப் பெயரைத் திருப்பிப் போடுவதற்கு முன், அந்தப் பதிப்பகத்தின் நடைக் கையேடு என்ன சொல்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.