என்-3 நெடுஞ்சாலையில் கறிவேப்பிலை எங்கே நின்றுபோகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் கறிவேப்பிலை மரம் இல்லாத தமிழ் வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மதிலோரம் கறிவேப்பிலை, மூலையில் முருங்கை, குளியல் தண்ணீர் ஓடும் பக்கம் வாழை. அந்த வீட்டுப் பிள்ளைகள் வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் போய் அதன் பகுதியான லெனேசியாவில் குடியேறினால், ஆயா (பாட்டி) வீட்டு மரத்தடியிலிருந்து ஒரு கன்றைத் தோண்டிக்கொண்டு போகிறார்கள். தரையில் நடுகிறார்கள். முதல் ஜூன் மாதக் குளிரிலேயே அது கருகிவிடுகிறது. "நம்ம கைக்கு வரலை" என்று விட்டுவிடுகிறார்கள். கையில் கோளாறு இல்லை. இரண்டு ஊருக்கும் நடுவே என்-3 நெடுஞ்சாலையில் சுமார் 570 கிலோமீட்டர், 1,500 மீட்டருக்கு மேல் ஏற்றம். எந்தச் செடி எந்த உயரத்தில் நின்றுபோகிறது, ஏன் நிற்கிறது என்று அந்தச் சாலையிலேயே பார்த்துக்கொண்டு போகலாம்.

புறப்படும் இடம் டர்பன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் வந்து நின்ற துறைமுகம். ஜூலை இரவிலும் இங்கே சராசரியாக 10 டிகிரிக்குக் கீழே போவதில்லை. கடல் பகலில் வாங்கிய சூட்டை இரவில் கொடுக்கிறது. அதனால்தான் தமிழ்நாட்டுத் தோட்டத்தில் பாதி இங்கே அப்படியே பிழைத்தது. மீதிப் பாதிக்கு டர்பன்காரரும் ஏங்கத்தான் செய்கிறார். தென்னைக்கு இந்த ஊர் விளிம்பு. மரம் வளரும், நம் ஊர்க் குலையை எதிர்பார்க்க முடியாது. வேம்பும் அருமை. மாரியம்மன் கும்பிடுவதற்கு வேப்பிலைக்குப் பதிலாக இங்கே 'சிரிங்கா' என்னும் மலைவேம்பின் கொத்தை ஒடிப்பது வழக்கமாகிவிட்டது. பார்த்தால் குழம்பும், ஆனால் இலை காட்டிக்கொடுக்கும்: வேம்பில் ஒரே காம்பின் இரு பக்கமும் சிற்றிலை, மலைவேம்பில் காம்பு மறுபடி கிளைத்து அதில் சிற்றிலை. மலைவேம்பின் பழம் நஞ்சு. மரமும் தென்னாப்பிரிக்க அரசின் ஊடுருவும் அயல்தாவரப் பட்டியலில் இருக்கிறது, எனவே புதிதாக நட நினைக்க வேண்டாம்.

முதல் ஏற்றத்தில் வருவது பீட்டர்மாரிட்ஸ்பர்க், சுமார் 600 மீட்டர். மலைகளுக்கு நடுவே கிண்ணம் மாதிரிப் பள்ளம். 1893 ஜூன் 7 இரவு காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டது இந்த ஊர் நிலையத்தில்தான். காத்திருப்பு அறையில் அவர் நடுங்கிய குளிரை இந்த ஊர்த் தோட்டக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டு வீட்டில் மாவும் கறிவேப்பிலையும் செழிக்க, அதே தெருவின் அடியில் உள்ள வீட்டில் உறைபனி விழும். பள்ளத்தில் குறுக்கே மதில் கட்டியிருந்தால் காற்று அங்கே அணைபோட்டு நிற்கும். மதிலடியில் இரண்டு துளை விட்டாலே வித்தியாசம் தெரியும். இந்த ஊரோடு தரையில் நட்ட கறிவேப்பிலையின் நிம்மதி முடிகிறது என்றே சொல்லலாம்.

அதற்கு மேலே ஹோவிக், மூயி ரிவர். சுமார் 1,400 மீட்டரில் வாழை காணாமல் போகும். பிறகு வான் ரீனன் கணவாய். 2024 செப்டம்பரில், அதாவது வசந்தம் தொடங்கியபின், இங்கே பனி கொட்டிச் சாலை மூடி, வாகனங்கள் இரவெல்லாம் நின்றன. செப்டம்பரில் வெயிலைப் பார்த்ததும் செடியை வெளியே தூக்கி வைக்கிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கணவாய்க்கு அப்பால் ஜோகன்னஸ்பர்க் வரையிலான மேட்டுநிலத்தில் அக்டோபர் நடு வரை பொறுப்பதுதான் சரி.

இனி லெனேசியா. இங்கே குளிர்காலம் மழையில்லாத காலம். பகலில் நல்ல வெயில், இரவில் மேகமே இருக்காது. மேகமில்லாததுதான் வினை: தரையின் சூடு நேராக வானத்துக்குப் போய்விடுகிறது. காற்றின் வெப்பம் 3 டிகிரி என்று இருக்கும்போதே இலைமேல் உறைபனி படியும். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து செல் கிழிகிறது. காலையில் வெயில் பட்டதும் இலை வேகவைத்த கீரை போலத் துவண்டு, மத்தியானத்துக்குள் கறுத்துவிடும்.

எனவே இங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: உங்களுக்கு வேண்டியது இலையா, காயா? இலைதான் வேண்டும் என்றால் ஏறக்குறைய எல்லாவற்றையும் தொட்டியில் வளர்க்கலாம். காய் வேண்டுமென்றால் உறைபனி இல்லாத ஆறேழு மாதத்துக்குள் அது விளைந்தாக வேண்டும். மா, பலா, தென்னை அந்தக் கணக்கில் அடங்காது. அவற்றை விட்டுவிடுங்கள், மனசு வலித்தாலும் அதுதான் உண்மை.

கறிவேப்பிலை இலைக் கணக்கில் வருவது. 20 சென்டிமீட்டர் தொட்டியில் தொடங்கி, வேர் சுற்றிக்கொண்டபின் 30, பிறகு 40 என்று மாற்றுங்கள். சின்னக் கன்றைப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகல் பிடிக்கும். தோட்டமண், மக்கிய உரம், ஆற்றுமணல் மூன்றும் சம பங்கு. முப்பது சென்டிமீட்டர் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பூவையும் கிள்ளுங்கள். சமையலுக்கு இலையை உருவி எடுக்காமல் காம்போடு ஒடித்தால் பக்கக் கிளை வரும். புளித்த மோரை ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலந்து ஊற்றும் வழக்கம் நல்லதுதான், ஆனால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டும். மார்ச்சுக்குப் பின் எந்த உரமும் வேண்டாம். உரத்தில் எழும் இளந்தளிர்தான் முதல் குளிரில் சாகும்.

மே மாதம் தொட்டியை வடக்குப் பார்த்த சுவரோரம் நகர்த்துங்கள். அமெரிக்க, ஐரோப்பியக் குறிப்புகளில் தெற்குச் சுவர் என்று இருக்கும். இங்கே குளிர்காலச் சூரியன் வடக்கே சாய்ந்து ஓடுகிறது; தெற்குச் சுவரடியில் வைத்த செடிக்கு ஜூன் மாதம் முழுக்க வெயிலே படாது. செங்கல் சுவர் பகலில் சூடேறி இரவில் விடும், மூன்று நான்கு டிகிரி அங்கே பிழைப்பைத் தீர்மானிக்கும். இரவில் சாக்கோ உறைபனித் துணியோ போர்த்துங்கள், காலை ஒன்பதுக்கு எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தாள் வேண்டாம்: இலையைத் தொடும் இடத்திலெல்லாம் கருகும். தண்ணீர் பத்து நாளுக்கு ஒருமுறை, காலையில்.

ஜூலையில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து ஏறவில்லை என்று அர்த்தம். உடனே மருந்து வாங்க ஓட வேண்டாம். மண் குளிர்ந்திருக்கும்போது வேர் எதையும் எடுக்காது. செப்டம்பரில் மண் சூடேறியதும் பெரும்பாலும் தானே பச்சையாகும். இலை முழுக்க உதிர்ந்தாலும் பயப்பட வேண்டாம். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. கருகிய கிளையை அப்போதே வெட்டிவிடக் கூடாது. வெட்டினால் கீழிருந்து தளிர் எழும், அடுத்த உறைபனி அதையும் கொண்டுபோகும். அக்டோபரில் வெட்டுங்கள். வீட்டுக்குள் வைப்பவர்கள் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வறண்ட காற்றில் செஞ்சிலந்தி பெருகும். வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் கழுவினால் போதும்.

முருங்கையை மரமாக நினைப்பதை இங்கே விட்டுவிட வேண்டும். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்-1 ஓராண்டு முருங்கை. விதைத்து ஏறக்குறைய ஆறு மாதத்தில் காய்க்கும். ஆகஸ்டில் வீட்டுக்குள் வெயில்படும் சன்னலோரம், ஆழமான பையில் விதைத்து, அக்டோபர் நடுவில் மண் கலையாமல் நடுங்கள். ஆணிவேர் ஒடிந்தால் செடி ஒரு மாதம் பின்தங்கும். நட்டபின் 75 சென்டிமீட்டரில் நுனி கிள்ள வேண்டும். மார்ச்சில் கொஞ்சம் காய் கிடைக்கலாம், கீரை நிச்சயம். மே மாதம் தரையிலிருந்து ஒரு முழம் விட்டு வெட்டி, அடியில் ஒரு சாண் உயரம் சருகு குவித்தால் பல சமயம் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். குளிரில் தண்ணீர் ஊற்றினால் மட்டும் வேர் அழுகிப் போகும்.

கோடையிலும் நிம்மதி இல்லை. மேட்டுநிலத்தின் மாலை இடிமழையோடு ஆலங்கட்டி வரும்; பத்து நிமிடத்தில் முருங்கை மொட்டையாகும், வாழையிலை நாராகும். 40 சதவீத நிழல்வலையைத் தலைக்குமேல் சாய்வாகக் கட்டினால் கட்டிகள் உருண்டு விழும். தட்டையாகக் கட்டினால் வலை தொய்ந்து செடிமேலேயே அமுங்கும்.

கீழே டர்பனிலிருந்து கன்று கொண்டுபோகிறவர்களுக்கு: ஆயா வீட்டு மரத்தடியில் பென்சில் தடிமனில், ஒரு முழத்துக்குள் இருக்கும் வேர்க்கன்றைப் பாருங்கள். தாய்மரத்தோடு சேர்க்கும் வேரை மண்வெட்டியால் வெட்டி, கன்றை அங்கேயே நான்கு வாரம் விடுங்கள். அதற்குள் சொந்த வேர் இறங்கிவிடும். வெட்டிய அன்றே பிடுங்கிக்கொண்டு போனதால்தான் பல கன்றுகள் செத்திருக்கின்றன. பழத்திலிருந்து எடுப்பதானால் கறுத்த பழத்தின் சதையை அன்றே தேய்த்துக் கழுவி, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்க வேண்டும். காயவைத்த விதை முளைக்காது. நவம்பரில் ஏறுங்கள். பாதி இலையைக் கிள்ளிவிட்டு, வேர்மண்ணை ஈரச் சாக்கில் கட்டி, காரின் உள்ளே வையுங்கள். மூடிய டிக்கியில் வெந்துபோகும், 'பக்கி' என்னும் திறந்த சிறு சரக்கு வண்டியில் காற்று இலையை உலர்த்திவிடும். லெனேசியா போய்ச் சேர்ந்ததும் பத்து நாள் நிழலில் வைத்து, பிறகு காலை வெயிலுக்கு நகர்த்துங்கள்.