படத்தில் நெருப்பு மூட்டுவது எப்படி, என் வழி

அசையாத படத்தில் நெருப்பை எரியவைக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் நல்ல சுடர் கிளிப்பைத் தேடி அலைகிறார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். சுடர் சுமாராக இருந்தாலும், பக்கத்தில் இருக்கிற கல்லின்மேலும் கட்டையின்மேலும் அதன் வெளிச்சம் அசைந்தால் கண் நம்பிவிடுகிறது. அதனால் என் நேரத்தில் பெரும்பகுதி சுடருக்கு அல்ல, படத்துக்கே போகிறது.

இப்போது நான் செய்துகொண்டிருப்பது ஒரு கற்சுவர் ஓரம் அடுக்கிவைத்த விறகுக் குவியல். மங்கலான மாலை வெளிச்சத்தில் எடுத்த படம். படங்களையும் வீடியோக்களையும் அடுக்கி இணைக்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற மென்பொருளில் செய்கிறேன். ஃபியூஷன், நேட்ரான், பிளெண்டரின் கம்பாசிட்டர் எதிலும் இதே வேலையைச் செய்யலாம், பொத்தான்கள்தான் வேறு.

முதல் வேலை, படத்தை இருட்டாக்குவது. ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) எக்ஸ்போஷரைக் குறைத்து, நிறத்தைக் கொஞ்சம் நீலப் பக்கம் தள்ளுவேன். நெருப்பு என்பது வெளிச்சம். இருக்கிற வெளிச்சத்தோடு அது கூடும், அவ்வளவுதான். பின்னணி ஏற்கெனவே வெளுத்திருந்தால் கூட்டுவதற்கு அங்கே இடமே இல்லை, சுடர் கரைந்துபோகும். நிஜத்தில் கேமராவும் சுடருக்கு ஏற்ப எக்ஸ்போஷர் வைத்தால் சுற்றுப்புறத்தை இருட்டாகத்தான் காட்டும்.

அப்புறம் லேயர்கள், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்குகள். அடியில் முழுப் படம், அதன்மேல் நெருப்பு, அதற்கும் மேல் முன்வரிசைக் கட்டைகளை மட்டும் மாஸ்க் போட்டு (வேண்டிய பகுதியைச் சுற்றிக் கோடு வரைந்து) வெட்டிய பிரதி. இப்படி வைத்தால் சுடர் கட்டைகளுக்கு நடுவிலிருந்து எழும். மாஸ்க் ஓரத்தை ஒன்றிரண்டு பிக்சல் மென்மையாக்கினால் போதும்.

கறுப்புப் பின்னணியில் எடுத்த கிளிப்புக்கு ஸ்கிரீன் மோட் (கறுப்பை மறைத்து வெளிச்சத்தை மட்டும் அடிப்படத்தில் சேர்க்கும் கலப்பு முறை) போதும் என்பார்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகளே உள்ள 8 பிட்டில் வேலை செய்தால் சரி, கூட்டல் வெள்ளையைத் தாண்டி வெடிக்காது. ஆனால் வெள்ளையைத் தாண்டிய பிரகாசத்தையும் தாங்கும் 32 பிட்டில், ஒளியின் அளவை அப்படியே எண்ணாக வைக்கும் லீனியர் வண்ணத்தில், இரண்டையும் நேராகக் கூட்டும் ஆட் மோட் வைத்துப் பாருங்கள். ஒளி நிஜத்தில் கூடுகிற விதமே அதுதான். சுடரின் நடுப்பகுதி தகதகவென்று எரியும். எதுவானாலும் முதலில் லெவல்ஸில் (கறுப்பு, வெள்ளை அளவைத் திருத்தும் கருவி) கிளிப்பின் கறுப்பை இறுக்கிவிடுங்கள். சுருக்கப்பட்ட வீடியோவில் கறுப்பு முழுக் கறுப்பாக இருக்காது, படத்தின்மேல் மங்கலான ஒரு சதுரம் தெரியும்.

பலர் கவனிக்காதது வேகம். நெருப்பு சீரான இடைவெளியில் பொங்கிப் பொங்கி எழும். அந்தத் துடிப்பு அடிப்பக்க அகலத்தைப் பொறுத்தது: 1.5-ஐ மீட்டரில் உள்ள அகலத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால், நொடிக்கு எத்தனை முறை என்பது தோராயமாகக் கிடைக்கும். 25 செ.மீ. அகல நெருப்பு நொடிக்கு 3 முறை பொங்கும். 1 மீட்டர் என்றால் ஒன்றரை முறை, 4 மீட்டர் என்றால் முக்கால் முறை. என் விறகுக் குவியல் ஒரு மீட்டர் இருக்கும். கையில் இருந்த கிளிப்பிலோ சின்ன நெருப்பு. அதை அப்படியே பெரிதாக்கினால், எவ்வளவு துல்லியமாக ஒட்டினாலும் பொம்மை அடுப்பு மாதிரிதான் இருக்கும். பாதி வேகத்துக்குக் குறைத்ததும் கனம் வந்துவிட்டது. இதற்காகவே நொடிக்கு 60 ஃபிரேம் கொண்ட கிளிப்பைத் தேர்ந்தெடுப்பேன். பாதி வேகத்தில் 30 நிஜ ஃபிரேம்கள் கிடைக்கும். இடை ஃபிரேம்களை மென்பொருளே ஊகித்து நிரப்பும் வசதி நெருப்புக்கு ஒத்துவராது. கொழுந்துகள் ஃபிரேமுக்கு ஃபிரேம் உருமாறுவதால் அவை கிழிந்து வழிகிற மாதிரி ஆகிவிடும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். இருட்டாக்காத மூலப் படத்தை ஒரு பிரதி எடுத்து, செம்மஞ்சள் ஏற்றி, நெருப்பைப் பார்த்திருக்கும் பரப்புகளில் மட்டும் மென்மையான மாஸ்க்கால் தெரியவைக்கிறேன். சுவரில் துருத்தி நிற்கிற கற்கள், கட்டைகளின் உள்பக்கம், தரையில் கொஞ்சம். கட்டைகளின் வெளிப்பக்கம் இருட்டிலேயே இருக்கட்டும். இந்த லேயரின் ஒப்பாசிட்டியை (அது எவ்வளவு தெரிகிறது என்ற அளவை) விக்கிள் என்ற தற்செயல் ஆட்டக் கட்டளை வைத்துத் துடிக்கவிடுவது வழக்கம், எனக்கு அதில் உடன்பாடில்லை. சுடர் தாழும்போது சுவர் பிரகாசமானால் கண் உடனே பிடித்துவிடும். அதற்குப் பதில் சாம்பிள்இமேஜ் என்ற கட்டளை கொண்ட எக்ஸ்பிரஷனால் (ஒரு மதிப்பைக் கணக்கிட்டுத் தரும் சிறு நிரல்) நெருப்பு லேயரின் சராசரிப் பிரகாசத்தை ஒவ்வொரு ஃபிரேமிலும் படித்து ஒப்பாசிட்டிக்குக் கொடுக்கிறேன். ஏற்ற இறக்கம் குறைவாக இருந்தால்தான் அழகு.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஒளி லேயரை இடது, வலது என்று இரண்டாக்கி, இடதை நெருப்பின் இடப்பாதியோடும் வலதை வலப்பாதியோடும் இணையுங்கள். சுடர் சாயும்போது வெளிச்சமும் சாயும். கல் இடுக்குகளில் உறைந்துகிடந்த நிழல்கள் நகர்வதுபோல் தெரியும். படத்துக்கு உயிர் வருவது இங்கேதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

சுடருக்கு மேல் அனல் அலைக்கு, மேல்நோக்கி நகரும் ஃபிராக்டல் நாய்ஸை (மேகம் போன்ற ஒழுங்கற்ற வடிவம்) வைத்து இரண்டு மூன்று பிக்சல் டிஸ்ப்ளேஸ்மென்ட், அதாவது படத்தின் புள்ளிகளை இடம் நகர்த்துவது. பொறிகள் நாலைந்து போதும். கரும்புகை வேண்டுமென்றால் ஸ்கிரீன் உதவாது. புகை பின்னால் இருப்பதை மறைக்கும் பொருள், அதனால் ஆல்ஃபாவோடு (எங்கே எவ்வளவு மறைக்கும் என்ற தகவல்) சாதாரணமாக மேலே வைக்கும் நார்மல் மோடில் வையுங்கள்.

லூப் செய்ய, கிளிப்பின் கடைசி ஒரு நொடியை ஆரம்பத்தோடு கரைத்துச் சேர்க்கிறேன். இதை ஒளி லேயர்களுக்கு முன்பே, தனி ப்ரீகாம்ப்பில் (லேயர்களை ஒன்றாக அடக்கிய தனித் தொகுப்பு) முடித்துவிட வேண்டும். எக்ஸ்பிரஷன் அந்த ப்ரீகாம்ப்பைப் படித்தால் சுவரின் வெளிச்சமும் தானாகவே லூப் ஆகும். வெளியே எடுக்கும்போது ஜிஃப் வேண்டாம். 256 நிறங்களில் செம்மஞ்சள் பட்டை பட்டையாக உடையும். எம்பி4 போதும்.