காற்று முதுகில், வண்டி ரோட்டைப் பார்த்து

வேறொரு கல்லூரி மைதானத்துக்கு நம்ம ஃபுட்பால் டீமுக்கு சப்போர்ட் போகும்போது டிரம், கொடி, ஒரே கலர் டீ-ஷர்ட் என்று மூன்று நாளாக வாட்ஸ்அப் குரூப் பற்றி எரியும். எங்கே நிற்பது என்று மட்டும் யாரும் பேச மாட்டார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்தக் கரையில் கல்லூரி மைதானம் என்றால் பெரும்பாலும் நாலு சுண்ணாம்புக் கோடு, ரெண்டு போஸ்ட், ஒரு பக்கம் ஷாமியானா. ஷாமியானாவுக்குள் முதல்வரும் சிறப்பு விருந்தினரும். மற்ற மூன்று பக்கமும் முந்தி வந்தவன் இடம். வெளியூர்க்காரனுக்கென்று தனி கேலரியெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. இடம் தப்பினால் முப்பது பேர் தொண்டை கிழியக் கத்தினாலும் நம்ம விங்கில் ஓடுபவனுக்கே கேட்காது.

காரணம் காற்று. தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கடல் கிழக்கே. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் கடல் தெற்கே. பாம்பன் தாண்டித் தீவுக்குள் போனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். தை முடிந்து வெயில் ஏற ஏற, மதியம் தரை சுட்ட பிறகு கடல்காற்று உள்ளே வர ஆரம்பிக்கும். மூணு, நாலு மணிக்கு நன்றாகப் பிடித்திருக்கும். ஆட்டமும் அந்த நேரத்தில்தான். காற்றை எதிர்த்துக் கத்தினால் சத்தம் மேலே வளைந்து போய்விடும், காற்றோடு கத்தினால் தரையோடு படர்ந்து போகும். ஆகவே காற்று முதுகில் படுகிற பக்கமே நம்ம பக்கம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மாலை வெயில் கீப்பர் கண்ணில் விழக் கூடாது என்பதற்காக மைதானத்தை வடக்கு தெற்காகப் போடுவதுதான் முறை. கிழக்கே கடல் இருக்கும் ஊரில் அப்படிப் போட்ட மைதானத்தில் கிழக்கு டச் லைனில், அதாவது நீளப் பக்கக் கோட்டோரம், நின்றால் காற்று முதுகில், ஆனால் வெயில் நேரே கண்ணில். மேற்கே நின்றால் வெயில் முதுகில், கத்துவதெல்லாம் நமக்கே திரும்பி வரும். கிழக்கே நிற்பதுதான் சரி. தலைக்குத் தொப்பி போட்டுக்கொள்ளலாம், சத்தத்துக்கு எதைப் போடுவது? ஆனி, ஆடியில் கணக்கு அப்படியே மாறும். அப்போது அடிப்பது கச்சான். மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் தரை வழியாகப் புழுதியை வாரிக்கொண்டு வரும். அந்த மாதங்களில் மேற்கு டச் லைனில் நின்றால் வெயிலும் காற்றும் இரண்டுமே முதுகில். சந்தேகம் இருந்தால் ஒரு கிள்ளு மண்ணை எடுத்து இடுப்பு உயரத்தில் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கொடியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கட்டட மூலையில் கட்டிய கொடி எப்போதும் பொய் சொல்லும்.

தெற்கே கடல் இருக்கும் கீழக்கரை பக்கத்தில் வடக்கு தெற்கு மைதானம் என்றால் காற்று நீளவாக்கில் ஓடும். ஒரு பாதி முழுக்க ஒரு டீமுக்குக் காற்று, அடுத்த பாதி மற்றதுக்கு. 2019-க்குப் பிறகு டாஸ் ஜெயித்தவர் முதல் கிக்கையும் கேட்கலாம், எந்தப் பக்கம் அடிப்பது என்பதையும் கேட்கலாம். இந்தக் கரையில் விவரமான கேப்டன் பக்கத்தைத்தான் கேட்பான். காற்றோடு ஆடும் பாதியில் கோல் விழும் என்று நினைப்பது பாதிதான் உண்மை. காற்றோடு தூக்கிப் போடும் பந்து நம்ம ஃபார்வர்டைத் தாண்டி ஓடி கோல் கிக்காகப் போய்க்கொண்டே இருக்கும். எதிர்க்காற்றில் ஆடும் டீம் பந்தைத் தரையோடு வைத்து ஆடினால் நன்றாகவே ஆடும். நம்ம பசங்க எதிர்க்காற்றில் ஆடும்போது ‘தூக்கி அடி, தூக்கி அடி’ என்று வெளியிலிருந்து கத்துவதைப் போல உபத்திரவம் வேறில்லை. கீப்பர் உதைத்த பந்து நடுக்கோட்டுக்குக்கூடப் போகாமல் வானத்தில் நின்று திரும்பி வரும்.

டச் லைனில் எந்த இடம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ரெண்டு லைன்ஸ்மேனும் முழு நீளத்துக்கு ஓடுவதில்லை. ஒவ்வொருவரும் தன் பக்கத்தில் நடுக்கோட்டிலிருந்து ஒரு கார்னர் கொடி வரைதான். ரெண்டு பேரும் எதிரெதிர் மூலைகளில் இருப்பார்கள், ரெஃப்ரி மற்ற ரெண்டு மூலைகளைச் சேர்க்கிற மாதிரி குறுக்காக ஓடுவார். அதனால் ஒவ்வொரு டச் லைனிலும் பாதி நீளம் காலியாகக் கிடக்கும். ஆட்டம் தொடங்கி ரெண்டு நிமிடம் பார்த்தாலே எந்தப் பாதி என்று தெரியும். அங்கே போய், கோட்டிலிருந்து ரெண்டு மூணு மீட்டர் தள்ளி நின்றால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. லைன்ஸ்மேன் ஓடும் பாதியில் கூட்டமாக நின்றால் அவர் நம்ம ஆட்கள் மேல் மோதிக்கொண்டே ஓட வேண்டும். பத்தாவது நிமிடம் ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தி ‘பின்னால போங்க’ என்பார். உள்ளூர்க் கூட்டம் அதற்கு ஒரு ஊளை போடும். தேவையா?

கோல் போஸ்டுக்குப் பின்னால் நிற்பதில் ருசி இருக்கிறது, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் வலையில் ஓட்டை இருக்கும், பந்து 410 முதல் 450 கிராம், முகத்தில் பட்டால் கண் கலங்கும். அதைவிட, எதிர் டீம் கீப்பருக்கு நாலடி பின்னால் நின்று பேச ஆரம்பித்தால் வாய் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. வெளி மைதானச் சண்டை பெரும்பாலும் அந்த மூலையில்தான் முளைக்கிறது. ஊர்ப் பெயர், தொழில், சாதி, மதம், வீட்டுப் பெண்கள் இந்த ஐந்தும் வாயில் வரக் கூடாது. கீப்பர் கையிலிருந்து பந்து நழுவினால் சிரித்துக்கொள்ளலாம், அது போதும்.

விசில் கொண்டு போகவே கூடாது. இது மரியாதைப் பேச்சில்லை, ஊதினால் என்ன ஆகும் என்று விதியிலேயே இருக்கிறது. பார்வையாளர் ஊதிய விசிலை ரெஃப்ரி விசில் என்று நினைத்து டிஃபென்ஸில் ஆடும் ஒருவன் பந்தைக் கையில் எடுத்துவிட்டால், அது ஹேண்ட் பால் ஆகாது. ஆட்டம் நின்று டிராப் பாலில், அதாவது ரெஃப்ரி பந்தைக் கீழே போட்டு, தொடங்கும். நம்ம ஃபார்வர்டு தனியாக ஓடிக்கொண்டிருந்த வாய்ப்பு நம்ம விசிலாலேயே போகும். ஆடு, நாய் உள்ளே வந்தாலும் இதே கதைதான். இந்தப் பக்கம் இரண்டும் வரும். அது ஆட்டத்துக்கு இடைஞ்சல் செய்தால்தான் நிறுத்துவார்கள், கார்னர் கொடியோரம் மேய்ந்துகொண்டிருந்தால் ஆட்டம் பாட்டுக்குப் போகும். கோலை நோக்கிப் போகும் பந்து ஆட்டின் மேல் உரசிக்கொண்டு உள்ளே போனாலும், தடுக்க வந்தவனை ஆடு மறிக்கவில்லை என்றால் கோல்தான். இதற்காகச் சண்டை போட்டுப் பயனில்லை.

டிரம் விஷயத்தில் தோல் கட்டிய மேளம் வேண்டாம். உப்புக் காற்றில் ஈரம் ஏறி அரை மணி நேரத்தில் தோல் தொய்ந்து ‘தொம் தொம்’ என்று அமுங்கிவிடும். தொய்ந்தால் ஓலையைக் கொளுத்திக் காய்ச்ச வேண்டும். அடுத்தவன் கல்லூரி வளாகத்தில், காய்ந்த புல்லும் கருவேலமும் நிற்கிற இடத்தில், காற்று அடிக்கிற நேரத்தில் தீ மூட்டினால் அன்றைக்கு ஆட்டமே இருக்காது. ஃபைபர் போட்ட பேண்டு டிரம் ரெண்டு இருந்தால் போதும். ரெண்டுக்கு மேல் போனால் தாளம் ஒட்டாது, ஒருவன் எப்போதும் முந்திக்கொள்வான்.

கொடிக்குக் கம்பு கொண்டு போனால் கேட்டிலேயே வாட்ச்மேன் வாங்கி வைத்துவிடுவார், அவர் செய்வது சரி. கம்பில்லாத துணி பேனர்தான் நல்லது. பத்தடிக்கு நாலடி, நாலு மூலையிலும் கயிறு, ரெண்டு பேர் பிடித்தால் ஆச்சு. துணியில் ரெண்டடிக்கு ஒன்றாக உள்ளங்கை அகலத்துக்குப் பிறை வடிவில் வெட்டிவிட வேண்டும், வெட்டின துண்டு மடல் மாதிரி தொங்கட்டும். வெட்டாத பேனர் பாய்மரம்தான். பிடித்திருப்பவனை மைதானத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும், அல்லது மூலைத் துணி கிழியும். எழுத்தின் மேல் வெட்டு விழாமல் முதலில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளலாம். போஸ்ட் வலையிலோ அவர்கள் கம்பி வேலியிலோ கட்டக் கூடாது.

உள்ளே நுழைவதற்கு ஐ.டி. கார்டு எல்லாரிடமும் இருக்க வேண்டும். நம்ம பி.டி. சார் முந்தின நாளே அந்தக் கல்லூரி பி.டி.யிடம் ‘முப்பது பேர் வருவாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கேட்டில் நிற்க வேண்டியதில்லை. ஓ.டி. (வகுப்புக்கு வராவிட்டாலும் வந்ததாகக் கணக்கு வைக்கும் ‘ஆன் டியூட்டி’) ஆடுகிறவர்களுக்குத்தான், சப்போர்ட்டுக்குக் கிடைக்காது. 75 சதவீத வருகைப் பதிவு இழுபறியில் இருப்பவர் வீட்டிலிருந்தே வாழ்த்தலாம்.

வண்டி. குட்டியானையில் ஆள் ஏற்றிக்கொண்டு போவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. சரக்கு வண்டியில் பயணிகளுக்கு இன்சூரன்ஸ் நிற்காது, வழியில் போலீஸ் நிறுத்தினால் பாதி ஆட்டம் ரோட்டிலேயே முடியும். மஞ்சள் போர்டு வேன்தான் முறை. பைக்கில் போகிறவர்கள் பாம்பன் ரோட்டுப் பாலத்தில் பேனரைப் பின்னால் உட்கார்ந்தவர் கையில் கொடுக்காதீர்கள். பாலம் ரெண்டு கிலோமீட்டருக்கு மேல், பக்கவாட்டுக் காற்று, நடுவில் நின்று செல்ஃபி எடுக்கிற சுற்றுலாக் கூட்டம் வேறு. பேனரைச் சுருட்டி வேனில் போட்டுவிடுவது நல்லது. செப்டம்பர் 11, அக்டோபர் 28 முதல் 30 வரை, இந்த நாட்களை ஒட்டி வெளியூர்ப் பயணம் வைக்கக் கூடாது. பரமக்குடியிலும் பசும்பொன்னிலும் நடக்கும் நினைவு நாள்களுக்காக மாவட்டத்தில் தடை உத்தரவு இருக்கும், வாடகை வண்டிக்குக் கட்டுப்பாடு இருக்கும். ஒரே கலர் துண்டும் டிரம்மும் வைத்த வேனைப் பார்த்தால் ஃபுட்பால் கூட்டம் என்று யாரும் முதலில் நினைக்க மாட்டார்கள். மற்ற நாட்களிலும் தலைவர் படம் போட்ட டீ-ஷர்ட், கையில் கலர் கயிறு, இதெல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

பார்க்கிங் மைதானத்துக்குள் வேண்டாம். கேட்டுக்கு வெளியே, முன்சக்கரம் ரோட்டைப் பார்க்கிற மாதிரி நிறுத்த வேண்டும். மைதான ஓரத்தில் சீமைக் கருவேல முள் கிடக்கும், டயரிலும் ஏறும், ரப்பர் செருப்பைத் துளைத்துக் காலிலும் ஏறும். ஷூதான் போட வேண்டும். தண்ணீர் ஆளுக்கு ரெண்டு லிட்டர் கையோடு. மைதானக் குழாயில் வருவது பல இடங்களில் உப்புத் தண்ணீர்.

நேரக் கணக்கை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். முழு ஆட்டம் என்றால் 45, இடைவேளை 15, மறுபடி 45. நாலு மணிக்குத் தொடங்கினால் காயத்துக்கு விட்ட நேரத்தோடு 5.50. டிரா ஆகி டை-பிரேக்கர் போனால் இன்னும் கால் மணி. வைகாசியில் ஆறரை வரை வெளிச்சம் இருக்கும், பயமில்லை. கார்த்திகையில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், பெரும்பாலான மைதானத்தில் லைட் இல்லை, பெனால்டி அடிக்கும்போது பந்து கருப்பாகத்தான் தெரியும். கார்த்திகையில் மழை வேறு. உள்ளூர்க்காரர்கள் நாலரைக்கு ஆட்டம் வைத்தால், தொடங்கும் முன்பே நம்ம பி.டி. சார் பாதிக்கு 35 நிமிடம் என்று பேசி முடித்துக்கொள்ள வேண்டும். இருட்டின பிறகு பேசினால் அது தகராறு.

கீழக்கரை மாதிரி ஊர்களில் பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு ஆட்டத்தைத் தொடங்கி, சூரியன் மறைந்ததும் சொல்லும் மஃரிப் பாங்குக்குள் முடிக்கப் பார்ப்பார்கள். டை-பிரேக்கர் வந்தால் பாங்கும் அதுவும் ஒன்றாக வரும். பாங்கு சொல்லி முடியும்வரை டிரம்மை இறக்கிவிட வேண்டும், ரெண்டு மூணு நிமிடம்தான். உள்ளூர்ப் பசங்களும் நிறுத்துவார்கள், நாம் மட்டும் அடித்தால் அது ஊர் முழுக்கக் கேட்கும். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் ஞாயிற்றுக்கிழமை என்றால் பூசை நேரம் கேட்டு வைத்துக்கொள்வதும் இதே மாதிரிதான்.

கோல் போட்டால் மைதானத்துக்குள் ஓடக் கூடாது. ஆட்டம் முடிந்த பிறகும் கூடாது. ஜெயித்தால் முதலில் டீம் வேன், அதன் பின்னாலேயே நம்ம வண்டிகள், ஹாரன் இல்லாமல். டிரம்மை அந்த ஊர் எல்லை தாண்டித்தான் எடுக்க வேண்டும். தோற்றால் அவசரமே இல்லை. அவர்கள் பி.டி.க்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, கீழக்கரை என்றால் கடைத்தெருவில் அல்வா மாதிரி இனிப்பான தொதல் வாங்கிக்கொண்டு மெதுவாகக் கிளம்பலாம். கால் கிலோ பாக்கெட்டாகக் கட்டச் சொல்லுங்கள், மொத்தமாக வாங்கினால் வேனில் பிய்க்க முடியாமல் எல்லார் கையும் எண்ணெயாகும்.